வாய்க்கு ஒட்டிய சொல்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கதவு. இரண்டும் வாய்க்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் எதிரே நிற்பவர் உள்ளே வந்துவிடுவார். இன்னொன்றைத் திறந்தாலோ, திறந்த வேகத்தில் எதிரே நிற்பவரின் முகத்திலேயே அது சாத்திக்கொள்ளும், சத்தம் மட்டும் வராது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டுக்கும் தலையெழுத்து ஒன்றுதான். அது என்ன?

இளவழகனுக்கு விடை தெரியும். வேறு தேசத்தில் வரைந்து வேறு மொழியில் பேசவைத்த பொம்மைப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவன் வேலை. அந்த மொழியில் ஒரே சொல்லாக இருப்பது தமிழுக்கு வரும்போது இரண்டாகப் பிரிந்துவிடும்: நாம, நாங்க. “நாம போறோம்” என்றால் கேட்கிறவனும் கூடப் போகிறான். “நாங்க போறோம்” என்றால் கேட்கிறவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். எந்த இடத்தில் எதைப் போடுவது என்று அவனுக்கு யாரும் எழுதி அனுப்புவதில்லை. படத்தில் யார் யாரைப் பார்த்து நிற்கிறார்கள், யார் யாரை விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள் என்று பார்த்து அவனே போட்டுக்கொள்ள வேண்டும். பழகிப் பழகி இந்த வேலை காதுக்குள் உட்கார்ந்துவிட்டது, கொஞ்ச நாளாக மகள் பேசினால் அவள் என்ன சொல்கிறாள் என்பதைவிட எந்தக் கதவைத் திறக்கிறாள் என்றுதான் காது பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போதும் அப்படித்தான். ஞாயிறு காலைக் காட்சி, இடைவேளை, வடபழனியில் ஒரு மாலின் பாப்கார்ன் வரிசையில் அவன் நிற்கிறான். பக்கத்தில் பத்து வயது நறுமுகை அவன் போனில் அவள் அம்மா மேகலாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். “நாங்க பாப்கார்ன் வாங்க நிக்கிறோம்மா. ஆமா. படத்துல முக்குளி இன்னும் அதோட ஆளுங்களைக் கண்டுபிடிக்கல.” நாங்க. அம்மாவிடம் சொல்கிறாள், ஆகவே அம்மா வெளியே, அப்பா உள்ளே. ஒரு பாப்கார்ன் வாங்குகிற நேரத்துக்காவது அவன் உள்ளே. இதற்குப் போய் நெஞ்சு இப்படிக் குளிர்கிறதே என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. போனைத் திருப்பித் தந்தவளிடம், “சீஸா, காரமலா?” என்று கேட்டான். “ரெண்டும் கலந்து.” “கலந்து தருவாங்களா?” “கேட்டா தருவாங்க. நீதான் எதையும் கேட்கவே மாட்டியேப்பா,” என்றாள். கேட்டான். கலந்து தந்தார்கள்.

இருட்டுக்குள் திரும்பி வந்து காலை ஒதுக்கி ஒதுக்கி உட்கார்ந்தபோது படம் தொடங்கிவிட்டிருந்தது. திரையில் நுரையும் பாறையும், அந்தக் கலங்கரை விளக்கம், அதன் படிகளில் ஏறுகிற நோரா என்கிற பெண், அவள் தோளில் ஈர முடி சிலிர்த்துக்கொண்டு முக்குளி. நீர்நாய்க் குட்டி. முதல் படம் வந்தபோது வினியோகக் கம்பெனிக்காரர்கள் டிப்பி என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நீர்நாய் என்று ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் நாய் என்று தேடுவார்கள், முக்குளி என்றால் யாருக்கு விளங்கும் என்றார்கள். அவன் விடவில்லை, தண்ணீருக்குள் தலைகீழாக முங்கி எழுகிற எதற்கும் அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது, வாய்க்கும் ஒட்டுகிறது என்று நின்றான். இப்போது பள்ளிப் பைகளில் முக்குளி, தண்ணீர் பாட்டிலில் முக்குளி, அவன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே வால் பிடியுள்ள முக்குளி பல் தேய்க்கும் பிரஷ், நறுமுகை வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் நனைகிற பிரஷ். முதல் படம் வந்தபோது நறுமுகைக்கு நடக்கவே சரியாக வராது. குட்டிக்குக் குரல் தருகிற அமலி அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தது, உள்ளே முக்குளி இருக்கிறதா என்று. மேகலா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சுவரில் சாய்ந்த இடம் இன்னும் இருக்கிறது, எண்ணெய்க் கறை மாதிரி லேசாக, வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொன்னான், ஏன் என்று ஆள் கேட்கவில்லை. முதல் படத்தில் நோரா வலையில் சிக்கிய குட்டியை எடுத்து வளர்த்தாள், அடுத்த படத்தில் அதற்கு நீந்தக் கற்றுக்கொடுத்தாள், அதற்கு அடுத்ததில் அதைத் தொலைத்துக் கண்டுபிடித்தாள், இது கடைசி, இதில் அதனுடைய ஆட்களைத் தேடிப் போகிறாள். வளர்க்கிறவளே தேடிப் போகிறாள். எழுதும்போது இதை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நறுமுகை ஒவ்வொரு பாப்கார்னாக எடுத்து, சீஸ் எது காரமல் எது என்று இருட்டில் நக்கிப் பார்த்துவிட்டுத் தின்கிறாள். அவள் முழங்கை அவன் முழங்கையில் படுகிறது. ஜூன் மாதம் இந்த முழங்கை எங்கே இருக்கும்.

ஜூன் மாதம் மேகலா மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்கிறாள். பள்ளிக்கூட வாசலில் வைத்துத்தான் சொன்னாள், ஹெல்மெட்டைக் கழற்றாமல். “அவளையே முடிவு பண்ணச் சொல்லிட்டேன். இங்க உங்ககூட இருக்கணும்னா இருக்கட்டும். என்கூட வரணும்னா வரட்டும். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, நீங்களும் சொல்லிக் குடுக்காதீங்க.” நான் என்ன சொல்லிக் குடுக்கப் போறேன் என்றான். பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியது போல, “முக்குளி படம் பாத்துட்டு சொல்லட்டுமே,” என்றான். மேகலா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தாள். “படத்துக்கும் இதுக்கும் என்ன?” “ஒண்ணுமில்ல. அவளோட படம் அது.” “சரி. முடிஞ்சதும் அவளே சொல்லுவா,” என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மஸ்கட் செய்தி அவள் தம்பி வாயிலாக ஏற்கெனவே அவனுக்கு வந்திருந்தது, அது வந்த மறுநாள்தான் கடைசிக் காட்சியின் வசனத்தை எழுத உட்கார்ந்தான். பாறையில் முக்குளி. பின்னால் அலைமேல் மல்லாந்து மிதக்கிற அதன் கூட்டம். முன்னால் முழங்கால் தண்ணீரில் நோரா, கையில் லாந்தர். குட்டி அவளைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்கிறது, வீட்டுக்குப் போகிறோம் என்று. மூல மொழியில் அந்தப் போகிறோமுக்குள் நோரா இருக்கிறாளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, கம்பெனி அனுப்பிய குறிப்பிலேயே இதை இப்படியே திறந்து வைக்கவும் என்று இருந்தது. எப்படித் திறந்து வைப்பது? வெறுமனே ‘வீட்டுக்குப் போறோம்’ என்று விட்டால் தமிழிலும் திறந்துதான் கிடக்கும், ஆனால் குட்டி முதலில் ஒரு தடவை வாயை நன்றாகத் திறக்கிறது, திறந்தபடி நிற்கிறது, பிறகுதான் மீதி வருகிறது. அந்த முதல் திறப்புக்கு ஒரு சொல் வேண்டும். இரண்டு கதவில் ஒரு கதவு. அவன் ‘நாம’ என்று எழுதினான். எழுதியவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மனசுக்குள் எதிரே நோரா இல்லை, வரப்போகிற தியேட்டர் இருட்டில் பாப்கார்னோடு நறுமுகை உட்கார்ந்திருந்தாள், ஒரு நீர்நாயின் வாய் வழியாக அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒலிப்பதிவு அன்று அமலி அக்கா அந்த வரியைப் பேசிப் பார்த்துவிட்டுக் காதிலிருந்து ஹெட்போனை இறக்கினார். “தம்பி, இது ஒட்டலியே. ‘நாம’ன்னா வாய் மூடணும். அது மூடல பாருங்க. பல்லு தெரியுது.” மீசை மறைச்சிரும்க்கா என்றான். “மீசை மறைக்கட்டும். எனக்கு உள்ள மறைக்கலியே. அது அவளைக் கூப்பிடற மாதிரி மூஞ்சி வச்சுக்கல. சொல்லிட்டுப் போற மூஞ்சி அது.” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வரதன், டப்பிங் பொறுப்பாளர், மைக்கில் சொன்னார், “அக்கா, ரைட்டர் சார் சொல்றபடி ஒரு டேக் குடுத்துருங்க. அப்புறம் பாப்போம்.” அக்கா கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரரின் தொண்டையிலிருந்து நனைந்த குட்டியின் குரல் வந்தது, ‘நாம வீட்டுக்குப் போறோம்’ என்று, கடைசியில் ஒரு விக்கலோடு. இளவழகன் வெளியே வந்து டீ குடித்தான். அந்த ‘அப்புறம் பாப்போம்’ அப்போது காதில் ஏறவில்லை. டப்பிங் ஸ்டுடியோக்கள் நிறைந்த சாலிகிராமத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்வதுதானே அது. இப்போது திரையில் நோரா படகைத் தள்ளும்போது அது மெல்ல ஏறுகிறது, அப்புறம் என்றால் எப்போது, பாப்போம் என்றால் யார். அதற்கு மேல் அவன் போகவில்லை. புயல் காட்சி வந்தது, சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள், பின் வரிசையில் யாரோ ஒரு அம்மா, “அழாதடி, செத்துப்போகாது, இது குழந்தைங்க படம்,” என்றாள். நறுமுகை திரும்பிப் பார்க்காமலே, “மூணாவது படத்துல நோராவோட தாத்தா செத்துட்டார், அந்த ஆன்ட்டி பாக்கல போல,” என்றாள் அவன் காதில். சீஸ் வாசனை. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. எதெல்லாம் நினைவிருக்கிறதோ. அந்த நாள் நினைவிருக்குமா, கூடத்தில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள், ஐந்து வயது இருக்குமா, அவன் மேகலாவிடம் வந்து நின்று சொன்னான்: “நீ வேலைய விட்டுடு, நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்.” அவன் அம்மாவும் அவன் அக்காவும் அவனுமாகப் பேசியிருந்தார்கள். மேகலா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நாங்கன்னா யாரு?” என்று கேட்டாள். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. நாங்கன்னா நாங்கதான், வீட்ல எல்லாரும் என்றான். “அப்ப நான் யாரு?” கத்தி பலகையில் பட்டுக்கொண்டே இருந்தது, பீன்ஸ், பீன்ஸ், பீன்ஸ். பகல் முழுக்க யாருக்கோ ‘நாம’வும் ‘நாங்க’வும் பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தவன், ஒரு பூனை பேசுகிற வரியில் தப்பு வந்தால் ராத்திரி தூக்கம் வராதவன், சொந்த வாயில் அது சாத்திக்கொண்டதைக் கேட்கவில்லை. அவள் கேட்டாள். அதற்கப்புறம் விவாகரத்துவரை நடந்ததெல்லாம் வெறும் காகித வேலை. அம்மா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். நாங்க என்று சொல்ல வீட்டில் அவனும் பிரஷ்ஷும்தான்.

நீர்நாய்கள் தூங்கும்போது ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொள்ளும், அலை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க. திரையில் அது வந்தது, முக்குளி தன் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டது, நிலவில் எல்லாம் மல்லாந்து கைபிடித்து மிதக்க ஒரு கை மட்டும் காலியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. முக்குளி பார்க்கிறது. அரங்கில் பாப்கார்ன் சத்தம் நின்றது. இளவழகனின் கட்டைவிரல் தானாக மடங்கியது. பிறந்த புதிதில் நறுமுகை இதைத்தான் பிடித்துக்கொண்டு தூங்குவாள், எடுத்தால் விழித்துவிடுவாள், அதனால் ஒரு கையாலேயே வசனம் தட்டச்சு செய்வான். இப்போது அவள் கை மடியில் இருக்கிறது, பிடிக்கலாமா, பிடித்தால் அதுவும் சொல்லிக் கொடுத்ததாக ஆகுமா. பிடிக்கவில்லை. வரப்போகிறது. பாறை வந்துவிட்டது. லாந்தர் வந்துவிட்டது. அவள் இதைக் கேட்பாள், நாம என்று கேட்பாள், முக்குளி போனாலும் நோராவை விட்டுவிட்டுப் போகவில்லை, கூப்பிடுகிறது, யாரும் யாரையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றும், தோன்றினால் போதும். ஒரு சொல்தானே கேட்கிறேன், கடவுளே, பெரிய வசனமா கேட்டேன். குட்டியின் முகம் திரை முழுக்க வந்தது. மீசையில் துளிகள். வாய் திறந்தது. “நாங்க,” என்றது முக்குளி, திறந்தபடி நின்றது, பல் தெரிந்தது, பிறகு, “வீட்டுக்குப் போறோம்.” கடைசியில் விக்கல் இல்லை. அமலி அக்கா அதைப் புதிதாகப் பேசியிருக்கிறார். அப்புறம் பார்த்திருக்கிறார்கள். மீசை எதையும் மறைக்கவில்லை, மறைக்க ஒன்றும் இல்லை, சொல் வாய்க்கு அப்படி ஒட்டியிருந்தது. நோரா தலையாட்டினாள். லாந்தரை அணைத்தாள். திரும்பி, தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி, நிரந்தரமாக அணைத்துவிட்டார்கள் என்று படம் முழுக்கச் சொன்ன அந்தப் பெரிய விளக்கைப் போட்டாள், போகிறவர்களுக்கு வழி தெரிய. ஒளி கடல்மேல் சுற்றியது, ஒரு சுற்று, காலியாக இருந்த கையை முக்குளி பிடித்திருந்தது, இன்னொரு சுற்று, கடல் மட்டும். அவ்வளவுதான் படம். அவன் எழுதிய ‘நாம’வை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான், அது அங்கே நிற்கவே இல்லை: கூப்பிட்ட குட்டியை விட்டுவிட்டு அவள் ஏன் படியேற வேண்டும், கூப்பிட்டும் வராதவள் என்றல்லவா ஆகியிருக்கும். இதுதான் சரி. இத்தனை படத்துக்கும் சேர்த்து இதைவிடச் சரியான முடிவு கிடையாது. அரங்கம் முழுக்கப் பெரிதாக மூச்சு விட்டது, நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் விடுகிற மூச்சு. பின்வரிசை அம்மா மூக்கைச் சிந்தினாள். சந்தோஷமாக அழுகிறார்கள். அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. அவன் வாய் மட்டும் பாகற்காய் கடித்த மாதிரி இருந்தது. இந்த முடிவை எழுதத் தெரிந்தவன்தான் அவனும். எழுதவில்லை.

விளக்கு போட்டார்கள். ஜனங்கள் எழுந்தார்கள். நறுமுகை எழவில்லை, எந்தப் படத்துக்கும் எழமாட்டாள், அவன் பேர் வரும்வரை. கறுப்புத் திரையில் யார் யாரோ மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள், துடைப்பத்தோடு ஒருவர் வந்து கீழே கொட்டிய பாப்கார்னைத் தள்ளத் தொடங்கினார். “வந்துருச்சு,” என்றாள். தமிழ் வசனம்: இளவழகன். எழுத்துக்கூட்டிப் படிப்பது போல் வேண்டுமென்றே இழுத்துப் படித்துவிட்டு, ஒரு தடவை கை தட்டினாள். துடைப்பக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “எங்கப்பா,” என்றாள் அவரிடம். எங்கப்பா. எங்க. அவர் வெளியே, இவன் உள்ளே. அதைப் பிடித்துக்கொண்டு அவன் காத்திருந்தான். அவள் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாட்டிலின் மூடியைத் திருகினாள். பிறகு கேட்டாள்:

“அப்பா, கடைசில முக்குளி சொல்லுச்சுல்ல, அது நீ எழுதினதா?”

“எது?”

“நாங்க வீட்டுக்குப் போறோம்னு.”

“ஏன் கேக்கற?”

“சூப்பரா இருந்துச்சு. நான் நோராவையும் கூப்பிட்டுருமோன்னு பயந்துட்டே இருந்தேன். கூப்பிட்டிருந்தா அவ பாவம், மாட்டேன்னு சொல்லணும்ல.” பாட்டிலை மடியில் வைத்தாள். “நீதானே எழுதின?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் வேறு எழுதினேன், மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம், அமலி அக்கா பேரைச் சொல்லியிருக்கலாம். அவள் இப்போதுதான் கைதட்டியிருந்தாள். திரையில் அந்தப் பேர் போன இடம் இன்னும் கண்ணில் ஆடிக்கொண்டிருந்தது. படம் முழுக்க அவன் எழுதியதில் பிள்ளைக்குப் பிடித்த ஒரே சொல் அவன் எழுதாத சொல்லாக இருந்தது, அதை எப்படிக் கையை விட்டு விடுவது. “ஆமா,” என்றான். “நான்தான் எழுதினேன்.”

நறுமுகை அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியது, இடைவேளையிலிருந்து, ஒருவேளை ஒரு வாரமாக, தூக்கிக்கொண்டே இருந்த எதையோ கீழே வைத்தவள் மாதிரி. “நான்கூட உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே இருந்தேன்ப்பா. நீ முன்னாடியே எழுதிட்ட,” என்றாள். பிறகு ஜூன் மாதம் அம்மாவோடு மஸ்கட் போவதாகச் சொன்னாள். நாங்க என்றுதான் சொன்னாள்.